விளையாட்டின் வழியே பாடம் நடத்துவது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

மொரீசியஸில் கோயில் வளாகங்களில் மாலை நேரத்திலும் வார இறுதியிலும் தமிழ் கற்பிக்க முன்வரும் இளைஞர்களையும், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லித்தரும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டிலும் தெருவிலும் கிரியோல் பேசுகிறார்கள். பள்ளியில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படிக்கிறார்கள். தமிழை வகுப்பிலும் கோயிலிலும் மட்டுமே கேட்கிறார்கள். பகல் முழுவதும் பள்ளியில் உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளையை மாலையில் மறுபடியும் கரும்பலகைக்கு முன் அமர்த்தி வைப்பதைவிட, பாடத்தையே விளையாட்டாக அமைத்துக்கொடுப்பது நல்ல பலன் தரும். ஆனால் எந்த விளையாட்டும் தானாகவே பாடத்தைக் கற்றுத்தந்துவிடாது. அதற்கென்று திட்டமிட வேண்டும்.

அந்தத் திட்டத்திற்கு அடிப்படையாக ஒரே ஒரு விதியைச் சொல்கிறேன்: அன்றைய பாடத்தைப் பயன்படுத்தாமல் ஒரு காயைக்கூட நகர்த்த முடியாது என்ற நிலை விளையாட்டில் இருக்க வேண்டும். ஒரு கேள்விக்குச் சரியான விடை சொன்னால் தாயக்கட்டையை உருட்டலாம் என்று வைத்தால், பிள்ளையின் கவனம் கட்டையின் மீதுதான் இருக்கும். கேள்வி அதற்குக் கொடுக்க வேண்டிய கட்டணமாக மட்டுமே தோன்றும். வெல்வதற்கு எடுக்க வேண்டிய முடிவே கணக்காகவோ உச்சரிப்பாகவோ வரலாறாகவோ இருக்கும்போதுதான் பிள்ளை பாடத்தை விரும்பித் தேடுகிறது.

முதற்படி: ஒரு நோக்கத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்

விளையாட்டைத் தேடுவதற்கு முன், வகுப்பின் முடிவில் பிள்ளையால் என்ன செய்ய முடிய வேண்டும் என்பதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். ‘வகுத்தல்’ என்று தலைப்பை மட்டும் எழுதினால் போதாது. ‘நூற்றுக்குட்பட்ட ஓர் எண்ணை ஐந்தால் வகுத்து ஈவையும் மீதியையும் சொல்ல முடிய வேண்டும்’ என்று எழுதினால்தான் எந்த விளையாட்டு பொருந்தும் என்பது தெரியவரும். ஒரே விளையாட்டில் இரண்டு மூன்று நோக்கங்களை நுழைக்க வேண்டாம். நுழைத்தால் விதிகள் பெருகும். பிள்ளைகள் விதியை நினைவில் வைத்திருப்பதிலேயே களைத்துப்போவார்கள்.

இரண்டாம் படி: நோக்கத்திற்குப் பொருந்தும் விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள்

பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஏற்கெனவே தெரிந்த விளையாட்டாக இருந்தால் விதிகளை விளக்கும் நேரம் மிச்சமாகும். கணக்குப் பாடத்திற்கு நான் முதலில் பரிந்துரைப்பது பல்லாங்குழி. வகுத்தலும் மீதியும் அந்த ஆட்டத்தின் உள்ளேயே இருப்பதால், நாம் வெளியிலிருந்து எதையும் ஒட்டவைக்க வேண்டியதில்லை.

மரப்பலகை இல்லையென்று கவலைப்பட வேண்டாம். கெட்டி அட்டையில் வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசையில் பதினான்கு வட்டங்கள் வரைந்தால் போதும். குழிக்கு ஐந்து வீதம் 70 புளியங்கொட்டைகள் தேவை. சில ஊர்களில் அழகுக்காகக் குன்றிமணியைப் பயன்படுத்துவார்கள். வகுப்பில் அதைத் தவிர்த்துவிடுங்கள். அதன் விதை கொடிய நஞ்சுடையது. பிள்ளை கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மிகச் சிறிய பிள்ளைகள் இருந்தால் புளியங்கொட்டையும் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால் பெரிய பொத்தான்களை வைத்துக்கொள்ளலாம்.

பல்லாங்குழியை ஊருக்கு ஊர் வேறுவிதமாக ஆடுகிறார்கள். வகுப்பிற்குப் பொருத்தமான ஓர் எளிய முறை இது. இருவரும் எதிரெதிரே அமர்கிறார்கள். ஆளுக்கு ஏழு குழிகள். தன் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து விதைகள் அனைத்தையும் அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்ல வேண்டும். கையிலிருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியில் உள்ளதை அள்ளித் தொடர வேண்டும். அந்த அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதற்கும் அடுத்த குழியில் உள்ள விதைகளை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். அத்துடன் அவருடைய முறை முடிகிறது. தொடர்ந்து இரண்டு குழிகள் வெறுமையாக இருந்தால் அவருக்கு எதுவும் கிடைக்காது. ஆடிக்கொண்டிருக்கும்போது எந்தக் குழியிலாவது நான்கு விதைகள் சேர்ந்தால் அது ‘பசு’. குழிக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்வார். ஆட முடியாத நிலை வரும்போது அந்தச் சுற்று முடியும். குழிகளில் எஞ்சியிருப்பதை அந்தந்தப் பக்கத்தார் எடுத்துக்கொள்வார்கள்.

பாடம் தொடங்குவது அடுத்த சுற்றில். வென்ற விதைகளைக் கொண்டு அவரவர் தம் குழிகளைக் குழிக்கு ஐந்தாக நிரப்ப வேண்டும். ஒருவரிடம் 32 விதைகளும் மற்றவரிடம் 38 விதைகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 32 விதைகள் உள்ளவர் ஆறு குழிகளை நிரப்புவார். இரண்டு விதைகள் மீதி. ஏழாவது குழி அந்தச் சுற்றில் அவருக்கு இல்லை. 38 விதைகள் உள்ளவர் ஏழு குழிகளையும் நிரப்பி மூன்றைக் கையில் வைத்திருப்பார். இங்கே ஆசிரியர் சேர்க்க வேண்டிய விதி ஒன்றுதான்: விதைகளை எண்ணி முடித்த பின், குழியில் இடுவதற்கு முன், எத்தனை குழிகள் நிரம்பும், எத்தனை மீதியாகும் என்பதைப் பிள்ளை தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும். எதிராளி அதை இட்டுப் பார்த்துச் சரிபார்ப்பார். சொன்னது தவறானால் மீதியிலிருந்து ஒரு விதை எதிராளிக்குப் போய்விடும். மீதி இல்லையென்றால் எதுவும் போகாது. ஒரு குழியை இழப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பது ஆடும் பிள்ளைக்குத் தெரியும். ஆகவே, இன்னும் மூன்று விதைகள் கிடைத்திருந்தால் ஏழாவது குழியும் நிரம்பியிருக்குமே என்று அது தானாகவே கணக்கிடத் தொடங்கும். நான் இந்த விளையாட்டை வலியுறுத்துவது இதற்காகவே.

ஐந்தால் வகுப்பது எளிதாகிவிட்டால், குழிக்கு ஆறாக வைத்து 84 விதைகளுடன் ஆடுங்கள். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு படியும் உண்டு. குழிகளுக்கு 1 முதல் 14 வரை எண்ணிடுங்கள். 11ஆம் குழியில் ஆறு விதைகள் இருந்தால் கடைசி விதை எங்கே விழும் என்று ஆடுவதற்கு முன்பே சொல்லச் சொல்லுங்கள். 11உடன் 6ஐக் கூட்டினால் 17. 14ஐக் கழித்தால் 3. நன்றாக ஆடத் தெரிந்த பாட்டிமார் இதைக் கண்ணாலேயே கணக்கிடுவார்கள். முடிந்தால் அப்படி ஒருவரை வகுப்பிற்கு அழைத்து, அவருடன் பிள்ளைகளை ஆடவிடுங்கள்.

மூன்றாம் படி: மொழிப்பாடத்தில் கேட்பவரின் கையில் வெற்றியை வையுங்கள்

கிரியோலில் லகரம் ஒன்றுதான். எனவே ல, ள, ழ மூன்றையும் வேறுபடுத்துவது நம் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கடினம். ஆசிரியர் சொல்ல, எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்லும் பயிற்சியில் ஒரு பிள்ளையின் பிழை மற்றவர்களின் குரலில் மறைந்துவிடுகிறது. பிழை வெளிப்படும்படியான விளையாட்டே இங்கு தேவை.

மலை–மழை, புலி–புளி, பல்லி–பள்ளி, வால்–வாள் ஆகிய எட்டுச் சொற்களுக்கும் எழுத்தில்லாத பட அட்டைகளைப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். இருவர் எதிரெதிரே அமர, நடுவில் ஒரு பாடநூலைத் திறந்து மறைப்பாக நிறுத்துங்கள். இருவரிடமும் ஒரே எட்டு அட்டைகள் இருக்க வேண்டும். ஒருவர் தம் அட்டைகளை ஒரு வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லுவார். மற்றவர் கேட்டதை மட்டும் நம்பி அதே வரிசையில் அடுக்குவார். சைகை கூடாது, கிரியோலில் விளக்கவும் கூடாது. மறைப்பை எடுத்ததும் எத்தனை அட்டைகள் ஒத்திருக்கின்றனவோ அத்தனை புள்ளிகள் இருவருக்கும் சேர்ந்தே கிடைக்கும். புலிக்கு நேரே புளி இருந்தால், பிழை சொன்னவரிடமா கேட்டவரிடமா என்று இருவரும் ஆராய்வார்கள். நாக்கின் நிலையைச் சொல்லித்தர வேண்டிய தருணம் அதுவே: லகரத்திற்கு நாக்கின் நுனி மேற்பல்லின் பின்புறத்தைத் தொட வேண்டும், ளகரத்திற்கு நாக்கு பின்னோக்கி வளைந்து மேலண்ணத்தைத் தொட வேண்டும், ழகரத்திற்கு அவ்வாறே வளைந்து, தொடாமல் நிற்க வேண்டும். தேவை எழுந்த பின் சொல்லும் விளக்கத்தைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

எண்ணுப்பெயர்களுக்குக் கடை விளையாட்டு ஏற்றது. மொரீசியஸ் ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்தும் இடம்பெறுவதால், அவற்றைப் பார்த்துக் காகிதத்தில் பணம் செய்வதே ஒரு பாடமாகும். 137 ரூபாய்க்குப் பொருள் வாங்கி 200 ரூபாய்த் தாளைக் கொடுத்தால், கடைக்காரர் மீதி 63 ரூபாயை மிகக் குறைந்த எண்ணிக்கையிலான தாள்களாலும் காசுகளாலும் தர வேண்டும். தொகையை ‘அறுபத்து மூன்று’ என்று முழுமையாகச் சொன்னால்தான் பணம் கைமாறும்.

நான்காம் படி: வரலாற்றில் காரணத்தைக் கேட்கும் விதியை வையுங்கள்

வரலாற்றை விளையாட்டாக்கும்போது பலரும் ஆண்டுகளை மனப்பாடமாகச் சொல்லும் போட்டியாக அதைச் சுருக்கிவிடுகிறார்கள். அதைவிட வரிசை அட்டை விளையாட்டு மேலானது. அட்டையின் முன்புறம் நிகழ்ச்சியையும் பின்புறம் ஆண்டையும் எழுதுங்கள்: டச்சுக்காரர் தீவிற்கு வந்தது 1598, அவர்கள் வெளியேறியது 1710, பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியது 1715, லபூர்தொனே ஆளுநராக வந்தது 1735, ஆங்கிலேயர் கைப்பற்றியது 1810, ஒப்பந்தத் தொழிலாளருடன் அட்லஸ் கப்பல் வந்தது 1834, அடிமைமுறை ஒழிந்தது 1835, விடுதலை 1968, குடியரசு 1992. ஓர் அட்டையை நடுவில் ஆண்டு தெரிய வைத்துவிட்டு, அடுத்து வருபவர் தம் அட்டையை அதற்கு முன்பா பின்பா வைக்க வேண்டும் என்பதைக் காரணத்துடன் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாமல் வைக்கப்படும் அட்டை, ஆண்டு சரியாக இருந்தாலும், கைக்கே திரும்பும்.

அட்லஸ் கப்பலிலும் அடிமைமுறை ஒழிப்பிலும் பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுவார்கள். அடிமைகள் விடுதலையான பிறகுதான் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கப்பல் வந்தது 1834 நவம்பர் 2. அடிமைமுறை ஒழிந்தது 1835 பிப்ரவரி 1. இரண்டு நாள்களும் இன்று நம் நாட்டில் பொது விடுமுறை என்பதால் பிள்ளைகளுக்குப் பழக்கமானவை. ஒழிப்புச் சட்டம் 1833இலேயே ஆங்கிலேய நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டதையும், ஆகவே கரும்புத் தோட்ட முதலாளிகள் முன்கூட்டியே ஆள் தேடத் தொடங்கியதையும் அந்த இடத்தில் விளக்குங்கள். ஆட்டத்தை நிறுத்தி இதற்காகப் பத்து நிமிடம் செலவிட்டாலும் தகும். போர்ட் லூயிசில் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய ஆப்பிரவாசி காட் படிக்கட்டுகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் எண்ணமிருந்தால், இந்த விளையாட்டை ஆடிய வாரத்திலேயே செல்லுங்கள்.

ஐந்தாம் படி: வகுப்பில் நடத்தும் முறை

விதிகளை வாசித்துக் காட்ட வேண்டாம். இரண்டு பிள்ளைகளை முன்னால் அழைத்து ஒரு முறை ஆடிக்காட்டச் செய்தால் போதும். விளக்கத்தைக் கிரியோலில் சொல்வதில் தவறேயில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆட்டத்திற்குள் பேச வேண்டிய சொற்கள் மட்டும் தமிழில் இருக்கட்டும். விதியே புரியாத பிள்ளை எந்த மொழியிலும் வாய் திறக்காது.

ஒரு பலகைக்கு நான்கு பேரை அமர்த்தி, இருவரை ஓரணியாக்குங்கள். அணியினர் இருவரும் கலந்து பேசியே முடிவெடுக்க வேண்டும் என்றும், ஒருவர் சொல்ல மற்றவர் காயை நகர்த்த வேண்டும் என்றும் வைத்தால், கூச்சமுள்ள பிள்ளைக்கும் பங்கு கிடைக்கும். தோற்றவர் வெளியேற வேண்டும் என்ற விதியுள்ள விளையாட்டுகளை வகுப்பில் தவிர்த்துவிடுங்கள். யாருக்குப் பயிற்சி மிகவும் தேவையோ அந்தப் பிள்ளைதான் முதலில் வெளியேறிச் சுவரோரம் நிற்கும். மீதி நேரம் முழுவதும் அதற்குப் பாடமே இல்லை. வேகத்திற்குப் புள்ளி தரும் ஆட்டங்களையும் புதிய பாடத்திற்குப் பயன்படுத்தாதீர்கள். கஹூட் போன்ற வினாடி வினாச் செயலிகள் ஏற்கெனவே கற்றதை நினைவூட்ட மிகவும் உதவும்; ஆனால் விரைந்து அழுத்துபவருக்குக் கூடுதல் புள்ளி கிடைப்பதால், யோசித்துக் கற்க வேண்டிய பிள்ளை அங்கே ஊகித்து அழுத்தப் பழகிவிடும்.

ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடமாவது பேசுவதற்கு ஒதுக்குங்கள். எந்த இடத்தில் சரியான முடிவெடுத்தீர்கள், எப்படித் தெரிந்தது, மறுபடி ஆடினால் எதை மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். விளையாட்டில் கையும் கண்ணும் அறிந்துகொண்டது சொல்லாக மாறுவது இந்தப் பேச்சில்தான் என்பதால், நேரம் போதவில்லையென்றால் ஆட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், பேச்சைக் குறைக்காதீர்கள்.

ஆறாம் படி: கற்றதைச் சோதியுங்கள்

மறுநாளோ அடுத்த வகுப்பிலோ அதே திறனை விளையாட்டு இல்லாமல் கேளுங்கள். பல்லாங்குழி ஆடியவர்களிடம் 47ஐ ஆறால் வகுக்கச் சொல்லித் தாளில் கொடுங்கள். ஈவு 7, மீதி 5 என்று எழுதிவிட்டால் நல்லது. பலகையில் சரியாகச் சொன்ன பிள்ளை தாளில் தடுமாறினால், அந்த இரண்டிற்கும் நடுவே ஒரு படி விடுபட்டிருக்கிறது என்று பொருள். ஏழு வட்டங்களைத் தாளில் வரைந்து, வட்டத்திற்கு ஆறாகப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தப் படத்தின் பக்கத்திலேயே கணக்கை எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம் புதிய விளையாட்டைக் கொண்டுவர அவசரப்பட வேண்டாம். அதே பலகையை எடுத்து, குழிக்கு எத்தனை விதை என்பதை மட்டும் மாற்றி, எந்த எண்ணை வைத்தால் தமக்குச் சாதகம் என்று பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.