ஸ்டீயரிங் நடுக்கம்: மவுண்ட்டைக் காட்டிக்கொடுத்த மொபைல்

கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது (ஐட்லிங்) மட்டும் ஸ்டீயரிங் நடுங்கியது. ஸ்பார்க் பிளக் மாற்றியும் குறையவில்லை. சரி, அளந்தே பார்ப்போம் என்று மொபைலில் அதிர்வு அளக்கும் ஆப் போட்டேன்.

நான்கு சிலிண்டர், 750 ஆர்பிஎம், அதாவது நொடிக்கு 12.5 சுற்று. சுற்றுக்கு இரண்டு எரிதல் என்பதால் ஆப் காட்டும் வரைபடத்தில் 25 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 25 அதிர்வு) முகடு வரும். வந்தது. ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால் (சரியாக எரியாவிட்டால்) 6.25-லும் ஒன்று எழும், அது இல்லை.

எரிதலில் கோளாறு இல்லை என்பதால் அடுத்த சந்தேகம் மவுண்ட், அதாவது எஞ்சினைப் பாடியோடு இணைத்துத் தாங்கும் ரப்பர் தாங்கி. ஒவ்வொரு மவுண்ட்டிலும் எஞ்சின் பக்கமும் பாடி பக்கமும் அளந்தேன். இந்த ஒப்பீடுதான் உயிர்: நல்ல மவுண்ட் என்றால் பாடி பக்கம் அதிர்வு நன்றாகக் குறையும். வலப்பக்க மவுண்ட்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. (மொபைலை டேப் போட்டு இறுக்குங்கள், கையில் பிடித்தால் அளவு தப்பும். ஃபேன், பெல்ட் அருகே போகவே வேண்டாம்.)

கழற்றினால், ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்து, உள்ளிருந்த திரவம் கசிந்து பிசுபிசுத்தது. புதியது மாட்டி அதே இடத்தில் அளந்தேன். பாடி பக்க முகடு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.