டார்ட் போர்டு மாட்டும் முன்: வீவக வீட்டில் சத்தத்தை அடக்கத் தெரியாமல் செய்யும் தவறுகள்

லூக் லிட்லர் 2025 ஜனவரியில் 17 வயதில் உலகச் சாம்பியன் ஆனதிலிருந்து வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய அடுக்குமாடி வீடுகளில் டார்ட் போர்டு மாட்டும் தம்பிகள் கூடிவிட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். 1990 உலகச் சாம்பியன்ஷிப்பில் ஒன்பதே டார்ட்டில் 501 புள்ளியையும் முடித்து, அந்தப் போட்டியில் அதைச் சாதித்த முதல் ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கிய பால் லிம் பிறந்த ஊர் நம் சிங்கப்பூர். ஆட்டம் இங்கே இன்னும் வளர வேண்டும். ஆனால் போர்டு மாட்டிய கொஞ்ச நாளிலேயே இவர்களில் பலர் ஒரே புகாரோடு வருகிறார்கள்: "அண்ணே, பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) வந்து கதவைத் தட்டிட்டுப் போறாங்க." போய்ப் பார்த்தால், நானும் என் கூட்டாளிகளும் ஆரம்பத்தில் செய்த அதே வேலைகள், அதே வரிசையில்.

போர்டைக் கதவுக்குப் பின்னால் மாட்டாதே, சின்னப் பிள்ளைகள் ஓடும் வழியில் மாட்டாதே என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. போர்டுக்குப் பின்னால் என்ன வைப்பது, அதைச் சுவரோடு எப்படிச் சேர்ப்பது என்ற இடத்தில்தான் காசும் போகிறது, அக்கம்பக்கத்து உறவும் கெடுகிறது.

சுவர் முழுக்க ஃபோம் ஒட்டுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இதுதான்.

டார்ட் ஒன்றின் எடை பெரும்பாலும் 20லிருந்து 25 கிராம். நல்ல சைசல் நார் போர்டில் அது குத்தும்போது எறிபவர் காதில் 'தப்' என்று மெத்தென்ற ஓசை மட்டுமே விழும். அதனால் "இவ்வளவு சின்னச் சத்தத்துக்கா சண்டைக்கு வருகிறார்கள்" என்று தோன்றும். ஆனால் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகும் வழி வேறு. டார்ட்டின் அடியை வாங்கும் போர்டு அதிர்கிறது. அந்த அதிர்வு பிராக்கெட்டுக்கு இறங்கி, ஸ்க்ரூ வழியாகக் கான்கிரீட்டுக்குள் போகிறது. கான்கிரீட் அதை லேசில் விழுங்காது. மறுபக்கம் முழுச் சுவரையும் அதிரவைத்து 'டொக்' என்று கொடுக்கும். அந்தப் பக்கம் யாருடைய கட்டிலாவது சுவரை ஒட்டிக் கிடந்தால் ஒவ்வொரு டார்ட்டும் அவர் தலைமாட்டில் விழுகிற மாதிரி இருக்கும்.

கடையில் 'சவுண்ட்ப்ரூஃப்' என்று எழுதி விற்கிறார்களே, முட்டை அட்டை போல மேடு பள்ளமாக இருக்கும் கறுப்பு ஃபோம், அது செய்வது வேறு வேலை. அறைக்குள் காற்றில் வரும் ஓசை சுவரில் பட்டுத் திரும்புவதை அது குறைக்கும். பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கு நல்ல பொருள். சுவருக்குள் ஏற்கெனவே ஏறிவிட்ட அதிர்வை அது தொடக்கூட முடியாது. ஸ்க்ரூ கான்கிரீட்டுக்குள் இருக்கிறது. ஃபோம் பெயின்ட் மேல் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இதைவிட மோசமான ஒன்று உண்டு. ஃபோம் ஒட்டியதும் ஆடுகிறவர் காதுக்குச் சத்தம் நிஜமாகவே குறைந்துவிடும். எதிரொலி போய்விடுகிறதல்லவா? உடனே "பிரச்சினை தீர்ந்தது" என்று நம்பி முன்பைவிட அதிக நேரம் ஆடுவார். அந்தப் பக்கத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. சரிசெய்ய வேண்டிய ஒரே ஆளுடைய காதை மட்டும் அடைத்துவிட்டு, காசையும் வாங்கிக்கொள்கிற பொருள் அது.

செங்காங்கில் வாடகைக்கு இருந்த ஒரு தம்பி ஹாலின் ஒரு சுவரை முழுக்க மூடிவிட்டு, "வந்து கேட்டுப் பாருங்க அண்ணே" என்று பெருமையாகக் கூப்பிட்டார். ஹாலில் நின்று கேட்டால் அருமையாகத்தான் இருந்தது. அவரை எறியச் சொல்லிவிட்டு நான் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, காதைச் சுவரில் வைத்தேன். அப்புறம் நான் எறிந்தேன், அவர் போய்க் காதை வைத்தார். வெளியே வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகப் போய் ஃபோமைப் பிய்க்க ஆரம்பித்தார். இரட்டைப் பக்க டேப்போடு பெயின்ட்டும் பாளம் பாளமாகக் கழன்று வந்தது. ஃபோமுக்குக் கொடுத்த காசு ஒரு பக்கம் போக, வீட்டைக் காலி செய்யும்போது பெயின்ட் செலவையும் அவருடைய முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகவே முதலில் அந்தக் காது சோதனையைச் செய்யுங்கள். உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவராக இருந்தால், அதே சுவரில் முடிந்த மட்டும் தள்ளிப்போய் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கைக்குத் தெரிகிற அதிர்வு அந்த வீட்டுக்காரர் காதுக்குக் கண்டிப்பாகத் தெரியும்.

வழி ஒன்றுதான்: போர்டு கட்டடத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். அல்லது, மெத்தென்ற ஏதாவது ஒன்றின் வழியாக மட்டுமே தொட வேண்டும். எனக்குப் பிடித்தது தனியாக நிற்கும் ஸ்டாண்ட். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தி, அடியில் மணல் மூட்டை வைத்துக் கனமாக்கி, ஒவ்வொரு காலுக்கும் கீழே தடித்த மெத்தை ரப்பர் கொடுத்தால் போதும். சுவரில் ஓட்டை கிடையாது, வாடகை வீட்டுக்கும் தோது. காலுக்கு ரப்பர் கொடுக்க மறந்தால் மட்டும் பக்கத்து வீட்டுச் சத்தம் கீழ் வீட்டுச் சத்தமாக மாறிவிடும்.

ரப்பர் வைத்துவிட்டு, அதன் ஊடே ஸ்க்ரூ அடிப்பது

சுவரில்தான் மாட்ட வேண்டும் என்றால் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை இரண்டடிக்கு இரண்டடி வெட்டி, அதில் போர்டை மாட்டி, பிளைவுட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ரப்பர் கொடுப்பது சரியான யோசனை. பலர் இதுவரை சரியாக வந்துவிடுகிறார்கள். அப்புறம் நீளமான ஸ்க்ரூ ஒன்றை எடுத்து பிளைவுட், ரப்பர், சுவர் மூன்றையும் சேர்த்து இறுக்குகிறார்கள். போச்சு. அதிர்வுக்கு ரப்பரைச் சுற்றிக்கொண்டு போக ஓர் இரும்புப் பாலம் கிடைத்துவிட்டது.

இதற்கென்றே ஒரு சாமான் இருக்கிறது. கட்டை விரல் அளவுக்கு உருளையான ரப்பர். ஒரு முனையில் ஒரு போல்ட், மறுமுனையில் இன்னொரு போல்ட். இரண்டு இரும்பும் உள்ளே ஒன்றையொன்று தொடாது, நடுவில் ரப்பர் மட்டும்தான். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் இயந்திரத்துக்குப் போடும் அதிர்வு ரப்பர் என்று கேளுங்கள். வாங்கும்போது இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம்கூட அமுங்கவில்லை என்றால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். ஏர்கான் கம்ப்ரஸருக்கு வருகிற ரப்பர் நம் பலகையைவிடப் பல மடங்கு எடையைத் தாங்கச் செய்தது. நம் போர்டு ஏறக்குறைய 5 கிலோ, பிளைவுட் ஒரு 4 கிலோ. நான்கு ரப்பருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு இரண்டு கிலோ சொச்சம்தான். கனமான எடைக்குச் செய்த ரப்பர் இந்த எடைக்கு அசையவே அசையாது. கல்லை வைத்த மாதிரிதான். மென்மையான ரப்பரும் கனமான பலகையும் சேர்ந்தால்தான் அதிர்வு அங்கேயே அடங்கும். அதனால் பிளைவுட்டைக் கனமாக்கத் தயங்காதீர்கள். இரண்டு பலகையைச் சேர்த்து ஒட்டினாலும் நல்லதே. அப்போது கூடுகிற எடையையும் ரப்பர் தாங்குமா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டியபின் நட்டை முறுக்குவதிலும் நிதானம் வேண்டும். ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொள்கிற அளவுக்குத் திருகினால், இரும்பிலிருந்து ரப்பர் பிரிந்து சில மாதத்தில் பலகையே கீழே வந்துவிடும். ஸ்பேனரை நிறுத்தும்போது ரப்பரின் பக்கவாட்டைப் பாருங்கள். சுருக்கம் விழாமல் நேராக இருக்க வேண்டும். விரலால் பலகையின் மூலையைத் தள்ளினால் லேசாக அசைந்து திரும்பி வர வேண்டும். அந்த அசைவைப் பார்த்துப் பயந்து, மூலைக்கு மூலை ஆப்பு வைத்து முட்டுக் கொடுக்கிறவர்களும் உண்டு. முட்டுக் கொடுத்த இடத்தில் சத்தம் மறுபடி சுவரில் ஏறிவிடும்.

தரைக்கும் மேல்தளத்துக்கும் இடையே இறுக்கும் கம்பம்

ட்ரில் போட வேண்டாம் என்று இதை வாங்குகிறார்கள். பக்கத்து வீட்டைக் காப்பாற்றிவிட்டு, மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே நேரத்தில் தட்டுகிற சாதனம்.

மெல்லிய பிளைவுட்

6 மில்லிமீட்டர் பலகைக்குப் பின்னால் வெற்றிடம் விட்டால் தவில் செய்திருக்கிறீர்கள்.

பாம் ஷெல்டர் சுவர்

"அதுதான் வீட்டிலேயே தடித்த சுவர், சத்தம் வெளியே போகாது" என்று சொல்லிக்கொண்டு அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய பெரும்பாலான வீவக வீடுகளில் குண்டுவீச்சிலிருந்து காக்கும் இந்த அறை ஒவ்வொரு மாடியிலும் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே கோபுரமாக நிற்கிறது. அதில் ஏறும் அதிர்வுக்கு மேலும் கீழும் நேர்வழி. அதைவிட முக்கியம், அந்தச் சுவர்களில் துளை போடுவதற்குக் குடிமைத் தற்காப்புப் படையின் கட்டுப்பாடுகள் உண்டு. ஆபத்துக் காலத்தில் குடும்பத்தைக் காக்க வேண்டிய சுவர் அது. விதியைப் படிக்காமல் ட்ரில்லைக் கையில் எடுக்காதீர்கள்.

எலெக்ட்ரானிக் போர்டுதான் சத்தம் போடாது என்ற நம்பிக்கை

பிளாஸ்டிக் முனை மென்மையானது, ஆகவே சத்தம் குறைவு என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தப் போர்டின் ஒவ்வொரு கட்டமும் தனித்தனி பிளாஸ்டிக் துண்டு. டார்ட் பட்டதும் உள்ளே தள்ளப்பட்டு, பின்னால் இருக்கும் தகட்டில் இடிக்கும். இரும்பு முனை நாருக்குள் புகுவதைவிட இது 'டக் டக்'கென்று அதிகமாகவே கேட்கும். பாரில் சுற்றிலும் பாட்டும் பேச்சும் இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. இரவில் அமைதியான வீட்டில் தெரியும். அமைதிக்காக வாங்குவதென்றால் சைசல் போர்டு வாங்குங்கள்.

தரையை மறப்பது

குறி தவறும் டார்ட் சுவரில் பட்டுத் தரையில் விழும். ஓட்டுத் தரையில் இரும்பு விழுந்தால் கீழ் வீட்டில் பட்டென்று கேட்கும். தரை ஓடும் சில்லுச் சில்லாகப் பெயரும். போர்டைச் சுற்றி ஃபோம் வளையம், கீழே தடித்த ரப்பர் பாய், இரண்டும் தேவை. இந்த இடத்தில் ஃபோம் உதவும், ஏனென்றால் இங்கே அது அடியை நேரடியாக வாங்குகிறது. எறியும் கோட்டுக்கு மரச்சட்டம் வைத்துத் தரையில் ஆணி அடிக்காதீர்கள். ஒவ்வோர் எறிதலுக்கும் கால் அதில் இடிக்கும். ஒட்டும் டேப் போதும்.

பழைய அளவிலேயே ஆடுவது

பின்பலகையும் ரப்பரும் வந்தபின் போர்டு சுவரிலிருந்து ஒரு கை அகலம் முன்னால் வந்திருக்கும். எறியும் கோடு 2.37 மீட்டர் என்பது போர்டின் முகத்திலிருந்து, சுவரிலிருந்து அல்ல. போர்டின் மையம் 1.73 மீட்டர் உயரம் என்பது நீங்கள் நிற்கும் பரப்பிலிருந்து. பாயின் மேல் நின்று எறிந்தால் பாயின் தடிமனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மையத்திலிருந்து கோட்டின் முன்விளிம்புக்குச் சாய்வாக டேப் பிடித்தால் 2.93 மீட்டர் வர வேண்டும். தவறான தூரத்தில் மாதக்கணக்கில் பழகிவிட்டுப் போட்டிக்குப் போகிற தம்பிகளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. கை பழகிய தூரத்தை மாற்றுவது லேசான வேலை இல்லை.

போர்டில் தண்ணீர் தெளிப்பது

அது எல்ம் மரப் போர்டுகளுக்குச் சொன்ன அறிவுரை. சைசல் நார் ஊறினால் உப்பிவிடும்.

இரவு நேரம்

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் சத்தம் குறையும், பூஜ்யம் ஆகாது. வீவக வெகுகாலம் சொல்லிவந்த அமைதி நேரம் இரவு 10.30 முதல் காலை 7 வரை. பக்கத்து வீட்டுச் சத்தம் பற்றி ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு அதை இரவு 10 முதல் காலை 8 வரை என்று நீட்டப் பரிந்துரைத்தது. அந்த நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று டார்ட்டில் 180 புள்ளி விழும்போது போடுகிற கூச்சலுக்கும் இதே கணக்குதான். ரப்பரும் பலகையும் மாட்டி முடித்தபின், பக்கத்து வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நீங்களே போய், "இன்னைக்கு எட்டு மணிக்கு ஆடிப் பார்க்கப் போறோம், சத்தம் வருதான்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர்கள் எந்த அறையில் கேட்கிறது என்று சொன்னால், எந்த ரப்பரை மாற்ற வேண்டும், எந்தக் காலுக்குக் கீழே இன்னும் ஒரு துண்டு வைக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பது எளிது.