தெருவில் எடுத்த படத்திலிருந்து ஒருவரின் வாழ்க்கையைக் கற்பனை செய்வது எப்படி?

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குப் பனியன் கம்பெனிகள் விடும்போது கடைவீதியில் நில்லுங்கள். இந்தப் பயிற்சிக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

போன் கேமராவே போதும். தனிக் கேமரா என்றால் கொஞ்சம் அகலமாகப் பார்க்கும் 35 எம்எம் லென்ஸ்தான் என் தேர்வு. ஜூம் வேண்டாம். தூரத்திலிருந்து இழுத்தால் முகம் மட்டும்தான் வரும். கையும் பையும் விட்டுப்போகும். ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே இறங்க வேண்டாம், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) ஏறினால் ஏறட்டும். பகலில் எடுப்பதானால், லென்ஸ் துளையை எஃப்/8 வைத்து 3 மீட்டரில் ஃபோகஸை நிறுத்திவிட்டால், இந்த லென்ஸில் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் சுமார் 2 முதல் 7 மீட்டர் வரை தெளிவாக விழும்.

அப்புறம் பக்கத்துப் பேக்கரியில் ஒரு டீ சொல்லிவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

எனக்கு வெகுநாள் பிடிபடாத இடம் இதுதான். கை தானாக 'சோகமான முகம்' என்று எழுதிவிடும். அது படத்தில் இருப்பதல்ல, நம் முடிவு. அதை எழுதியதும் கதை அங்கேயே நின்றுவிடும். பொருள்களை எழுதுங்கள். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண். சேலையில் நூல் துணுக்குகள். கையில் டிபன் பை, கருப்பு ஷூ படம் போட்ட அட்டைப்பெட்டி. சரி, பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஷூ என்று தோன்றும். இன்னும் பெரிதாக்கினால் பெட்டியில் 8 என்று அளவு தெரிகிறது. சின்னப் பிள்ளை இல்லை. பத்தாம் வகுப்புப் பையனா? செக்யூரிட்டி வேலையில் புதிதாகச் சேர்ந்த கணவரா? இரண்டையும் எழுதிப் பாருங்கள். பையன் என்றால் அவன் வளர்த்தியைக் கண்டு அவருக்குப் பெருமை. கணவர் என்றால், அந்த வீட்டில் இனி இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? ஒரே பெட்டி, இரண்டு வீடுகள்.

பின்சேர்ப்பு: 'என்ன எழுதினாலும் வறுமைக் கதையாகவே முடிகிறது' என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். படத்தில் இருப்பவருக்கு என்ன இல்லை என்று தேடுவதால் வரும் சிக்கல் இது. அவர் எதில் கெட்டிக்காரர் என்று கேளுங்கள். ஓவர்லாக் தையல் மெஷினில் அவர் கை வேகத்துக்கு, உதவிக்கு இருந்து கைமடிக்கிற பெண் ஈடுகொடுக்க முடியாமல் திணறுவதை எழுதிப் பாருங்கள், ஆள் எழுந்து நடப்பார்.

இன்னொன்று. முகம் தெரியும் படத்துக்குக் கீழே கற்பனைக் கதையைப் போடவே கூடாது. படிப்பவர்கள் அதை உண்மை என்று நம்பிவிடுவார்கள், அவரைத் தெரிந்தவர்களும்தான். கதை மட்டும் போடுங்கள். படமும் வேண்டுமென்றால் "ஏனுங்க்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா? நெட்டுல போடுவேனுங்க" என்று கேட்டே எடுங்கள். "எதுக்குங் தம்பி?" என்பார்கள். அப்போது எழுதப்போவதையும் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.