விமானத்தில் இயர் பிளக்: வலி வந்த பிறகு செருகிப் பயனில்லை

தரையிறங்க இருபது நிமிடம் இருக்கும்போது கேபினில் கண்ணை ஓட்டினால் தெரியும். ஒருவர் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். இன்னொருவர் முகம் சிவக்க மூக்கைப் பிடித்து ஊதிக்கொண்டிருப்பார். மூன்றாமவர் பையைத் துழாவி, விமானப் பயணத்துக்கென்றே வாங்கிய இயர் பிளக்கின் உறையை அப்போதுதான் பிரிப்பார். இந்த மூன்றாமவரைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. காசு கொடுத்து வாங்கியவருக்கு எப்போது போடுவது என்று யாரும் சொல்லவில்லை.

சாதாரண நுரை பிளக் சத்தத்துக்கு மட்டும்தான் என்பது பலருக்கும் தெரியும். விமான பிளக் வேறு. சிலிகோன் வளையங்களுக்கு நடுவே நுண்துளைகள் கொண்ட பீங்கான் வடிகட்டி இருக்கும். கேபின் அழுத்தம் மாறும்போது காற்று அதன் வழியே மெல்லக் கசிந்து காதுக்குள் போகும். மாற்றத்தைத் தாமதப்படுத்துவதோடு அதன் வேலை முடிந்தது. மூக்கின் பின்புறத்தையும் செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாயை அது திறந்துவிடாது. இனி, வழக்கமாக நடக்கும் தவறுகள் ஒவ்வொன்றாக.

வலி வந்த பிறகு செருகுவது

விமானம் ஏறும்போது நடுச்செவிக் காற்று விரிந்து, குழாயைத் தானே தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் சிக்கல். வெளிக்காற்று உள்ளே போக, நாம் விழுங்கும்போது இயங்கும் தசைகள் குழாயை இழுத்துத் திறக்க வேண்டும்.

உயரே பறக்கையில் கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் அதிகபட்சம் 8000 அடி உயரத்துக்குச் சமமாக இருக்கும். ஊட்டியைவிடச் சற்று மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே காற்றழுத்தம் சுமார் 565 மி.மீ. பாதரசம், கடல்மட்டத்தில் 760. இறங்கும்போது இந்தக் கேபின் உயரம் நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி வரை குறையும். ஒருமுறைகூடக் குழாய் திறக்காமல் 4000 அடிக்கு வந்துவிட்டால், செவிப்பறையின் இருபுறமும் வித்தியாசம் 90 மி.மீ.யைத் தொட்டுவிடும். அதற்குப் பத்து நிமிடம் போதும். அந்த அளவைத் தாண்டினால் தசைக்கு வலு போதாது; நனைந்த காகித ஸ்ட்ராவை உறிஞ்சினால் சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்வது போலக் குழாய் பூட்டிக்கொள்ளும்.

பலரும் பிளக்கைத் தேடுவது இந்தக் கட்டத்தில்தான். அதற்குள் காதுத் துவாரத்தில் அழுத்தம் ஏறிவிட்டது. இனி வரும் மாற்றத்தை பிளக் மெதுவாக்கலாம். ஏற்கெனவே செவிப்பறையை உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும் வித்தியாசத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

விமானக் கதவு மூடும் முன்பே போட்டுவிடுங்கள். நீண்ட பயணமென்றால் உயரம் நிலைத்ததும் கழற்றி, தரையிறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது மறுபடி போடலாம். இறங்கப்போகிறோம் என்ற அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். அது பெரும்பாலும் கடைசி அரை மணி நேரத்தில்தான் வரும். சென்னை–கோவை போன்ற குறுகிய பயணத்தில் கழற்றவே வேண்டாம்.

இறங்கும் ஊரும் கணக்கில் வரும். பெங்களூரு விமான நிலையமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி உயரத்தில் இருக்கிறது. டெல்லியிலிருந்து அங்கே இறங்கும் காதைவிட, மீனம்பாக்கத்தில் இறங்கும் காது கூடுதல் அழுத்தத்தைச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

போட்டுக்கொண்டு தூங்குவது

தூக்கத்தில் விழுங்குவது வெகுவாகக் குறையும். பிளக் அவகாசம் வாங்கித் தரும். அந்த அவகாசத்தில் குழாயைத் திறப்பது உங்கள் வேலை. 2005இல் வெளியான ஓர் அழுத்த அறைச் சோதனையில், 8000 அடி நிலையிலிருந்து இறங்கும்போது ஏற்படும் காதுக் காயத்தை இத்தகைய பிளக்குகள் தடுக்கவில்லை. ஆகவே பிளக்கை மட்டும் நம்பாமல், இறங்கும் நேரம் முழுக்க மிட்டாய் சப்புங்கள், அடிக்கடி விழுங்குங்கள். அடைத்தால் மூக்கைப் பிடித்தபடி ஒரு மிடறு தண்ணீர் விழுங்கிப் பாருங்கள்.

அரைகுறையாகச் செருகுவது

வளையங்கள் தோலோடு ஒட்டாவிட்டால் காற்று வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். எதிர்க்கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, பிளக்கைத் திருகித் திருகி உள்ளே விடுங்கள். வடிகட்டித் துளையில் குறும்பி அடைத்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். சிறுவர்களுக்குத் தனி அளவு உண்டு. கைக்குழந்தைக்கு பிளக் கூடாது. இறங்கும்போது பால் கொடுத்தாலே போதும்.

சக்கரம் தரை தொட்டதும் பிடுங்குவது

காதுக்குள் அழுத்தம் இன்னும் பின்தங்கியே இருக்கும். கதவு திறக்கட்டும். பிறகு மெல்லத் திருகி எடுங்கள்.

சளியோடு பறப்பது

முடிந்தால் தேதியை மாற்றுங்கள். முடியாதபோது, ஆக்ஸிமெட்டாசோலின் மூக்கு ஸ்ப்ரேயை இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு அடிக்க வேண்டும், இறங்கும்போது அல்ல. மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்து வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

மூக்கைப் பிடித்து முழு பலத்தோடு ஊதுவது

உட்செவிச் சவ்வு கிழியலாம். மெதுவாக.

வெந்நீரில் நனைத்த தாள் போட்ட கோப்பையால் காதை மூடுவது

சுடும். வேறு பயனில்லை.

அதே பிளக்கோடு ஸ்கூபா டைவிங்

ஒருபோதும் கூடாது.

வீட்டுக்குப் போய் எண்ணெய் விடுவது

பூண்டு காய்ச்சிய எண்ணெய்தான் நம் வீடுகளில் முதல் வைத்தியம். செவிப்பறை கிழிந்திருந்தால் அந்த எண்ணெய் நேராக நடுச்செவிக்குள் இறங்கும். லேசான அடைப்பு ஓரிரு நாளில் தானே சரியாகும். காதில் ரத்தம், தலைசுற்றல், திடீரென்று கேட்காமல் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போங்கள்.