டெக்ஸ்-மெக்ஸ் கடையில் நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

ஹூஸ்டனுக்கு வந்த புதிதில், வீட்டுக்குப் பக்கத்திலிருந்த டெக்ஸ்-மெக்ஸ் (டெக்சாஸ் மெக்சிகர்களின் சமையல்) கடையில் இரண்டு வருடம் பீன்ஸ் பரிட்டோவாகவே (ராஜ்மா மாதிரியான பயறை மசித்து ரொட்டியில் சுருட்டியது) சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், சைவம் என்ற நம்பிக்கையில். ஒருநாள் சமையல்காரரிடம், பீன்ஸ் இவ்வளவு மணமாக இருக்கிறதே, எதில் வதக்குகிறீர்கள் என்று கேட்டேன். "மன்டேகா" என்றார் பெருமையாக. பன்றிக் கொழுப்பு!

அவர் மேல் தப்பில்லை, நான்தான் கேட்கவில்லை. "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் கண்ணுக்குத் தெரியும் இறைச்சியை விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். கேட்க வேண்டியது வேறு. மசித்த பீன்ஸில் கொழுப்பு சேர்க்கிறார்களா? சிவப்புச் சோறு கோழிச் சாற்றில் வேகிறதா? எஞ்சிலாடா என்ற சுருட்டிய ரொட்டியின் மேல் ஊற்றும் பழுப்புக் குழம்பில் மாட்டிறைச்சி உண்டா? மாவு டோர்ட்டியா என்ற ரொட்டியைப் பார்த்தால் நம் சப்பாத்தி மாதிரிதான் இருக்கும், ஆனால் அதைப் பிசையும்போதும் அதே கொழுப்பு சேரலாம். சார்ரோ பீன்ஸ் என்ற பயறுக் குழம்பின் பக்கம் சைவர்கள் போகவே வேண்டாம், வழக்கமாக அதில் பேக்கன் என்ற பன்றி இறைச்சி போடுவார்கள். நான் இப்போது சோள டோர்ட்டியாவில் சீஸ் எஞ்சிலாடா, மேலே தக்காளி போட்ட ராஞ்செரோ சாஸ் என்று சொல்லிவிடுகிறேன். அதையும் விசாரித்துவிட்டுத்தான்.

உட்கார்ந்ததும் ஒரு கூடை சோள சிப்ஸும், தொட்டுக்கொள்ள சால்சா என்ற தக்காளிச் சட்னியும் வரும். பெரும்பாலான கடைகளில் அது இலவசம், தீரத் தீர வைப்பார்கள். அங்கேதான் பலர் கவிழ்வது. பந்தியில் சோறு வருவதற்குள் அப்பளத்தையே தின்று தீர்க்கிற கதை. ஆனாலும் முதல் சிப்ஸைக் கவனித்துச் சாப்பிடுங்கள். மெல்லியதாக, தொட்டால் இளஞ்சூடாக இருந்து, சால்சாவில் மல்லித்தழையும் எலுமிச்சையும் தெரிந்தால், கடையை நம்பி மற்றதையும் ஆர்டர் செய்யலாம். சிப்ஸ் நமத்துப்போயிருந்தால் உள்ளே மற்ற வேலையும் அந்த லட்சணம்தான் என்பது என் கணக்கு.

அடுத்தது ஃபஹீட்டா, அதாவது டோர்ட்டியாவில் வைத்துச் சாப்பிடும் சுட்ட இறைச்சித் துண்டுகள். பக்கத்து மேசைக்குப் புகையும் சத்தமுமாக ஒரு இரும்புத் தட்டு போகும், உடனே நமக்கும் ஆசை வந்துவிடும். இருவருக்கான ஃபஹீட்டா பல கடைகளில் மூன்று பேருக்குத் தாராளமாகக் காணும். நான்கு பேர் போய் இரண்டு சொன்னால் பாதி டப்பாவில்தான் வீட்டுக்கு வரும். தட்டு சூடு என்று சர்வர் சொல்வது சம்பிரதாயத்துக்கு அல்ல, பிள்ளைகள் கைக்கு எட்டாத பக்கம் வைக்கச் சொல்லுங்கள். 1973இல் நின்ஃபா லாரென்சோ என்ற பெண்மணி ஹூஸ்டனின் நேவிகேஷன் சாலையில் தொடங்கிய உணவகம்தான் இந்த ஊரில் ஃபஹீட்டாவைப் பிரபலமாக்கியது.

ஃப்ரோசன் மார்கரிட்டா குடிப்பவர்கள் அதை ஐஸ் சர்பத் என்று நினைத்துவிடக் கூடாது. 1971இல் டல்லாஸில் மரியானோ மார்ட்டினெஸ் என்ற உணவகக்காரர் ஒரு ஐஸ்கிரீம் இயந்திரத்தை மாற்றியமைத்துத்தான் இதைத் தயாரித்தார், அதனால் தொண்டையில் இறங்குவதும் ஐஸ்கிரீம் மாதிரிதான். உள்ளே இருப்பது டெக்கீலா என்ற மது. கார் சாவி வேறு யாரிடமாவது இருக்கட்டும்.

"இது உண்மையான மெக்சிகன் சாப்பாடே இல்லை" என்று மேசையில் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். ஆமாம், இல்லைதான். கோபி மஞ்சூரியனைச் சீனாவில் போய்த் தேடுகிறோமா? மஞ்சள் சீஸ், மாட்டிறைச்சி, தூக்கலான சீரகம், மாவு டோர்ட்டியா எல்லாம் சேர்ந்த இது டெக்சாஸ் மெக்சிகர்களின் சொந்தச் சமையல். 19ஆம் நூற்றாண்டிலேயே சான் அன்டோனியோவின் சதுக்கங்களில் பெண்கள் இரவில் அடுப்பு மூட்டி சில்லி என்ற காரமான இறைச்சிக் குழம்பை விற்றிருக்கிறார்கள்.

அந்தச் சுவையை வீட்டில் கொண்டுவரப் போய் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். செய்முறையில் சில்லி பவுடர் இரண்டு மேசைக்கரண்டி என்று இருந்தது. ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளை அப்படியே கொட்டினேன். அன்று எல்லோரும் தயிர்சாதம்தான் சாப்பிட்டோம். 1890களில் டெக்சாஸின் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் வில்லியம் கெப்ஹார்ட் என்பவர் விற்கத் தொடங்கிய காலம்தொட்டே இங்கே சில்லி பவுடர் என்பது மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டு எல்லாம் சேர்ந்த பொடி, நம் சாம்பார்ப் பொடி மாதிரி. நம் தூள்தான் இருக்கிறதென்றால் காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டியில் ஆரம்பித்து, வறுத்துப் பொடித்த சீரகம் தனியாகச் சேருங்கள்.