இளம் ஜூடோ வீராங்கனைகளுக்குத் தசைத்திறன் பயிற்சி: தொடங்குவது எப்படி?

விசை வேறு, திறன் வேறு என்று பள்ளி இயற்பியலில் படித்திருப்போம். விசையோடு வேகமும் சேரும்போதுதான் அது திறன். எதிராளியின் நிலையைக் குலைத்து, உள்ளே புகுந்து, திரும்பி எறிவதற்கு ஜூடோவில் கண்ணிமைக்கும் நேரமே கிடைக்கிறது. ஆகவே எத்தனை கிலோ தூக்குகிறாள் என்பதைவிட, இருக்கும் வலிமையை எவ்வளவு விரைவாக வெளிப்படுத்துகிறாள் என்பதையே பயிற்சியாளர் கவனிக்க வேண்டும். 2022இல் சரயேவோவில் நடந்த உலக கேடட் (18 வயதுக்குட்பட்டோர்) ஜூடோ போட்டியில், 57 கிலோ பிரிவில் மணிப்பூரின் லிந்தோய் சனம்பம் தங்கம் வென்றார். அந்த வயதுச் சிறுமிகளுக்கான பயிற்சியே இது.

குறைந்தது ஓராண்டு ஜூடோ பயின்று, அச்சமின்றி விழக் கற்றவர்கள் வாரம் இரு நாட்கள் இதைச் செய்யலாம். இடையே இரண்டு நாள் இடைவெளி வேண்டும். உடலைச் சூடாக்கியவுடன், ராண்டோரி எனும் பயிற்சிச் சண்டைக்கு முன்பே செய்துவிட வேண்டும், ஏனெனில் களைத்த உடல் வேகத்தைக் கற்பதில்லை.

முதல் படி: தரையிறங்குதல். பூப்படையும் பருவத்துக்குப் பின் முழங்கால் தசைநார்க் காயம் சிறுவர்களைவிடச் சிறுமிகளுக்கே அதிகம் ஏற்படுகிறது. எனவே முதல் இரண்டு வாரங்கள் 30 செ.மீ. உயரப் பெட்டியிலிருந்து குதித்து இறங்குவது மட்டும் போதும். எதிரே நின்று பாருங்கள்: முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாயக்கூடாது. தொப்பென்று சத்தம் கேட்டால், இடுப்பும் முழங்காலும் போதிய அளவு மடங்கவில்லை என்று பொருள். இதில் அவசரப்படாதீர்கள்.

இரண்டாம் படி: தாவலும் பந்தெறிதலும். நின்ற இடத்திலிருந்து ஐந்து நீளத்தாவல்கள். பிறகு சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, 2 கிலோ மெடிசின் பாலை (கனமான பயிற்சிப் பந்தை) இடுப்பைத் திருப்பி எறிதல், பக்கத்துக்கு ஐந்து முறை. இவ்வாறு மூன்று சுற்றுகள்.

மூன்றாம் படி: ரப்பர் பட்டையுடன் உச்சிகோமி, அதாவது எறியாமல், எறிதலுக்குப் புகும் அசைவை மட்டும் திரும்பத் திரும்பச் செய்தல். ஜூடோவுக்கே உரிய பயிற்சி இங்குதான் தொடங்குகிறது. பட்டையைத் தூணில் மார்பளவு உயரத்தில் கட்டி, அதன் முனைகளில் பழைய ஜூடோகியின் (ஜூடோ உடையின்) கைப்பகுதியைப் பிணைத்துவிட்டால், விரல்களுக்குப் போட்டியில் கிடைக்கும் அதே பிடி கிடைக்கும். செயோ-நாகே எனும் தோள்வழி எறிதலுக்குப் புகும்போது தொடக்கநிலைச் சிறுமிகள் பெரும்பாலும் கையால் இழுத்துவிட்டுப் பிறகே காலை நகர்த்துகிறார்கள். அப்போது பட்டை முதலில் இறுகிப் பிறகு தளர்வதைத் தெளிவாகக் காணலாம். சரியாகப் புகுந்தால், பாதங்கள் திரும்பி முழங்கால்கள் மடங்கும் அதே கணத்தில் பட்டை இறுகி, கடைசிவரை இறுக்கம் குறையாது. முழு வேகத்தில் ஆறு முறை, ஒரு நிமிட ஓய்வு, ஐந்து சுற்றுகள். ஆறாவது முறை முதலாவதைவிட மெதுவாக இருந்தால், அடுத்த சுற்றில் நான்கோடு நிறுத்துங்கள். வியர்வை வழிய நூறு முறை செய்ய வைப்பது தாங்குதிறனை வளர்க்கலாம், திறனை வளர்க்காது.

நான்காம் படி: நாகே-கோமி, அதாவது முழுமையாக எறிந்து பழகுதல். தடித்த மெத்தையில், ஒத்த எடையுள்ள தோழியை மூன்று முறை முழு வேகத்தில் எறிந்து, இரண்டு நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். விழுபவர் எதிர்க்கக் கூடாது. இதை ஐந்து சுற்றுகள் செய்த பிறகு, கம்பியில் போட்ட ஜூடோகியைப் பற்றி 20 நொடி தொங்குவது பிடிக்கு நல்லது.

ஐந்தாம் படி: அளத்தல். ஆறு வாரங்களுக்கு ஒருமுறை, போலந்தின் ஸ்டெர்கோவிச் வகுத்த ஜூடோ உடற்தகுதிச் சோதனையைச் செய்யலாம். ஆறு மீட்டர் இடைவெளியில் இரு தோழிகள் நிற்க, நடுவிலிருந்து ஓடி மாறி மாறி இப்போன் செயோ-நாகேயால் (ஒரு கைத் தோள்வழி எறிதலால்) எறிய வேண்டும்: 15, 30, 30 நொடிகள், இடையே 10 நொடி ஓய்வு. முடிந்தவுடனும் ஒரு நிமிடம் கழித்தும் நிமிடத்துக்கான இதயத்துடிப்பை எடுத்து, இரண்டையும் கூட்டி, மொத்த எறிதல்களால் வகுக்க வேண்டும். துடிப்பு 184, 156, எறிதல் 24 என்றால் விடை 14.17. இந்த எண் குறையக் குறையத் தகுதி கூடுகிறது. ஒரு சிறுமியின் எண்ணை அவளுடைய முந்தைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

எடைப் பிரிவுக்காக வளரும் பெண்ணின் இரவு உணவை நிறுத்துவதை எந்தப் பயிற்சியாளரும் அனுமதிக்கக் கூடாது. பட்டினி கிடக்கும் உடலில் தசை வளராது, மாதவிடாயும் தடைபடக்கூடும். மூன்று மாதங்கள் வராமலிருந்தால் பயிற்சியைக் குறைத்து, பெற்றோருடன் பேசி, மருத்துவரிடம் அனுப்புங்கள். அடுத்த போட்டியில் அவள் ஒரு பிரிவு மேலே ஆடட்டும்.