டிஸ்கிரீட் மேத்ஸை இணையத்தில் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஸ்கிரீட் மேத்ஸில் கிராஃப் தியரி என்று ஒரு பகுதி உண்டு: புள்ளிகளையும் (முனை) அவற்றை இணைக்கும் கோடுகளையும் (விளிம்பு) பற்றியது. அதற்குப் புதிதாக வருபவர்கள், நான் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுகிறார்கள். தினமும் படி, குறிப்பெடு என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

வீடியோ பார்த்துத் தலையாட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு முழு வகுப்பு வரிசையை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டி முடித்தேன். எல்லாம் புரிந்த மாதிரியே இருந்தது. அப்புறம் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஒவ்வொரு முனைக்கும் ஒரு விளிம்பாவது இருந்தால், கிராஃப் முழுக்க இணைந்திருக்குமா?"

இருக்கும் என்று இண்டக்‌ஷன் போட்டேன். அதாவது, ஓர் எண்ணுக்கு உண்மை என்று கொண்டு அடுத்த எண்ணுக்கும் காட்டும் முறை: n முனைக்கு உண்மை என்று வைத்துக்கொள்வோம், புதிதாக ஒரு முனை சேர்ப்போம், அதற்கும் ஒரு விளிம்பு உண்டு, எனவே இணைந்துவிட்டது. அவர் பதில் பேசாமல் நான்கு புள்ளி வைத்து, இரண்டிரண்டாகக் கோடு போட்டார். என் நிரூபணம் அங்கேயே செத்தது.

பெரிய கிராஃப் எல்லாமே, நிபந்தனைக்கு உட்பட்ட சின்ன கிராஃபோடு ஒரு முனை சேர்த்தால் கிடைத்துவிடும் என்று நான் நினைத்ததுதான் பிழை. அந்த நான்கு புள்ளியில் எதை நீக்கினாலும் அதன் ஜோடி விளிம்பில்லாமல் நிற்கும். பெரியதிலிருந்து தொடங்கி, ஒரு முனையை எடுத்து, பிறகு திரும்ப வைக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் ஓட்டை உடனே தெரிந்திருக்கும். எம்.ஐ.டி.யின் 6.042 பாடத்துக்கான இலவசப் பாடநூல் இதற்கு 'பில்டப் எரர்' என்று பெயர் வைத்தே எச்சரிக்கிறது. அந்தக் கோப்பு என் கணினியில்தான் இருந்தது, திறக்காமல்!

இப்போதெல்லாம் தேற்றம் திரையில் வந்ததும் நிறுத்திவிடுவேன். சின்ன கிராஃப்களை வரைந்து, உடைகிறதா என்று பார்ப்பேன். நான்கு முனையில் வெவ்வேறு வடிவ எளிய கிராஃப்கள் (ஒரு ஜோடிக்கு ஒரு கோடுக்கு மேல் இல்லை, தன்னையே இணைக்கும் கோடும் இல்லை) 11தான். ஒரு தாள் போதும். ஐந்து முனைக்கு 34.

வரையறைகளைக் கலப்பது

'பாத்' (விளிம்புகள் வழியே முனைக்கு முனை போகும் பாதை) என்றால் ஓர் இணையதளத்தில் முனை திரும்ப வரக்கூடாது, இன்னொன்றில் வரலாம். 0 இயல் எண்ணா என்பதிலும் இதே கூத்து. ஒரு நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அனிமேஷனை நிரூபணமாக எடுத்துக்கொள்வது

அல்காரிதங்களை அனிமேஷனாகக் காட்டும் விஷுவால்கோ தளத்தில், மிகக் குறைந்த தூர வழியைத் தேடும் டைக்ஸ்ட்ரா அல்காரிதம் ஓடுவது அழகுதான். சரி, அ→ஆ 2, அ→இ 3, இ→ஆ −2 என்று எடை கொடுத்துக் கையால் போட்டுப் பாருங்கள். அ-விலிருந்து ஆ-வுக்கு 2 என்று டைக்ஸ்ட்ரா முடிவுகட்டிவிடும். இ வழியாகப் போனால் உண்மையான தூரம் 1.

விடையை முதலில் திறப்பது

வேண்டாம்.

நாலு எண்ணில் சூத்திரம் ஊகிப்பது

வட்டத்தின் மேல் 1, 2, 3, 4, 5 புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் கோடுகளால் இணைத்தால், வட்டத்துக்குள் கிடைக்கும் அதிகபட்சப் பகுதிகள் 1, 2, 4, 8, 16. ஆறாவது 32 இல்லை, 31.